பழுது நாடி: பைகாரா முதல் மாவாட்டும் கிரைண்டர் வரை

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் சாலையில் அனுப்பர்பாளையம் அமைந்திருக்கிறது. ஊரின் பெயரைச் சொன்னதும் பித்தளைக் குடமும் செம்புத் தவலையும் எவர்சில்வர் அண்டாவும் நினைவுக்கு வரும். சுற்றுவட்டாரம் முழுவதையும் பனியன் தொழில் ஆட்கொண்ட பின்னும் இவ்வூர் பாத்திரத் தொழிலைக் கைவிடவில்லை. தகடு வெட்டுதல், அமுக்கி வடிவம் கொடுத்தல், கடைசல் பிடித்தல், பற்றவைத்தல், மெருகேற்றுதல் என்று ஒரு குடம் பல கைகளைத் தாண்டியே கடைக்குச் செல்கிறது. இவற்றுள் சுத்தியல் வேலை ஒன்றை விட்டால் மற்றவை பெரும்பாலும் மின்மோட்டாரை நம்பியவை. மோட்டார் நின்றால் பட்டறை நிற்கும். பட்டறை நின்றால் அன்றைய கூலியும் நிற்கும்.

நெசவைப் பற்றியும் பனியனைப் பற்றியும் சாயக்கழிவைப் பற்றியும் நம்மிடம் எழுத்து உண்டு. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' தறியின் துயரத்தைப் பேசியது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' திருப்பூரின் சாயத்தைப் பேசியது. ஆனால் நின்றுபோன மோட்டாரின் முன்னே குத்த வைத்து உட்கார்ந்து, அதன் மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, 'இது காயில் போகவில்லை. கண்டென்சர்தான் போயிருக்கிறது' என்று தீர்ப்புச் சொல்லும் மனிதரை நம் எழுத்து அரிதாகவே கண்டுகொண்டது. கொங்கு நாட்டின் தொழில் வரலாறு என்பது இயந்திரங்களை வாங்கியவர்களின் வரலாறு மட்டுமன்று. அவற்றை ஓட வைத்துக்கொண்டே இருந்தவர்களின் வரலாறும் ஆகும். இக்கட்டுரையில் அந்த இரண்டாவது வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம்.

மலையிலிருந்து இறங்கிய மின்சாரம்

கோவையில் ஆலைத் தொழில் மின்சாரத்துக்கு முந்தியது. 1888ஆம் ஆண்டிலேயே ஸ்டேன்ஸ் குடும்பத்தாரின் முயற்சியால் அங்கே நூற்பாலை எழுந்துவிட்டது. அக்காலத்தில் நீராவிதான் ஆலையை ஓட்டியது. பெரிய முதலீடு உள்ளவர்களுக்கே கொதிகலன் கட்டுப்படியாகும். சிறு பட்டறைக்காரர் கையையும் காலையும் மாட்டையுமே நம்பியிருந்தார். திருப்பூரில் 1920களில் வந்து சேர்ந்த பின்னல் இயந்திரங்களும் கையால் சுற்றப்பட்டவையே.

இந்நிலையை மாற்றியது நீலகிரியின் பைகாரா ஆறு. சென்னை மாகாண அரசு 1920களின் இறுதியில் தொடங்கிய பைகாரா நீர்மின் திட்டம் 1932இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து குழாய் வழியே பாய்ந்த நீர் சிங்காரா மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றியது. அவ்வளவு உயரத்திலிருந்து நீரை இறக்கிய மின்நிலையங்கள் அன்று உலகிலேயே சிலதான் இருந்தன. அந்த மின்சாரம் கோவைச் சமவெளிக்கு வந்ததும் ஆலைகள் அடுத்தடுத்துத் தோன்றின. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கும் மின் உற்பத்தி தொடங்கியது.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நீராவி எந்திரத்தின் பழுதைக் கண்ணால் காணலாம். குழாய் கசியும், பட்டை அறுந்து தொங்கும், தண்டு வளைந்து நிற்கும். மின்சாரத்தின் பழுது அவ்வாறானதன்று. நேற்று ஓடிய மோட்டார் இன்று ஓடாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடிப் பிடிக்கும் புதிய அறிவு ஒன்று இங்கே தேவைப்பட்டது. அந்த அறிவு எங்கிருந்து வந்தது?

பிரித்துப் பார்த்தவர்கள்

அதற்கான விடையின் ஒரு பகுதி கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையில் இருக்கிறது. 1893இல் கலங்கலில் பிறந்த அவர் பள்ளிப் படிப்பை இளமையிலேயே கைவிட்டவர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்குவதற்காகக் கோவைக்கு வந்து உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார் என்பதும், வாங்கிய வண்டியை முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டியே அதன் இயக்கத்தைக் கற்றுக்கொண்டார் என்பதும் இங்கே பலரும் அறிந்த செய்தி. 1920இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கியவர், பின்னாளில் பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார்.

1937இல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் உருவாக்கிய மின்மோட்டாரே இந்தியாவில் உள்நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கி ஆலை இயந்திரங்களை இங்கேயே செய்து காட்டினார்.

இவ்விருவரின் பெருமையைப் பாடுவது நம் நோக்கமன்று. அதைச் செய்ய நூல்கள் உள்ளன. நாம் சொல்ல வருவது வேறு. வெளிநாட்டு மோட்டார் எரிந்துபோனால் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. இங்கேயே பிரிக்க வேண்டும். கம்பியின் பருமனை அளக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். அதே கணக்கில் மீண்டும் கட்ட வேண்டும். எரிந்த மோட்டாரை மறுபடி கட்டத் தெரிந்த கைக்குப் புதிய மோட்டாரைக் கட்டுவது எட்டாத தொலைவில் இல்லை. கோவையின் மோட்டார்த் தொழிலும் பம்புத் தொழிலும் பெருகி வளர்ந்ததற்கு, பழுது பார்த்துப் பழகிய கைகள் அங்கே ஏராளமாக இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

1945இல் அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டபோது ஜி.டி. நாயுடு அதன் முதல்வராக இருந்தார். தொழிற்கல்வியை ஆண்டுக்கணக்கில் நீட்டத் தேவையில்லை, குறுகிய காலத்தில் செய்முறையாகவே கற்பித்துவிடலாம் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். 1950இல் இந்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது, ஐ.டி.ஐ.களில் 'எலக்ட்ரீசியன்', 'வயர்மேன்' என்ற பிரிவுகள் வந்தன. ஆயினும் பட்டறையில் கூடமாட நின்று கற்றுக்கொண்டவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. சான்றிதழ் ஒரு வழி, சகவாசம் இன்னொரு வழி என்றே கொங்கு நாட்டில் இந்த அறிவு பரவியது.

எரிந்த காயிலின் சாட்சியம்

கிணற்றுப் பாசனத்தை நம்பிய மண் இது. கமலை ஓட்டிய மாடுகளின் இடத்தை மோட்டார் பம்பு பிடித்தபோது, மின்சாரம் உழவரின் உயிர்நாடி ஆயிற்று. அது எவ்வளவு ஆழமான நம்பிக்கை என்பதற்கு அனுப்பர்பாளையத்துக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள பெருமாநல்லூர் சாட்சி. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19 அன்று அங்கே போராடிய விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, மூவர் உயிரிழந்தனர். நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் வளர்ந்த விவசாயிகள் இயக்கத்தின் நினைவில் அந்நாள் இன்றும் நீங்காமல் நிற்கிறது. யூனிட்டுக்குச் சில பைசா என்பது, வெளியில் இருந்து பார்ப்பவருக்குச் சிறு தொகை. இரவெல்லாம் மோட்டார் ஓட்டி ஒரு பாத்தி நனைத்தவருக்கு அது அப்படியன்று.

அந்த மோட்டார்களைக் கொன்ற பழுதுகளில் முதன்மையானதைச் சொல்வோம். கிணற்று மோட்டார் மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. வழியில் எங்கோ ஒரு முனையின் பீஸ் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் உறுமும், சுழலாது. ஆனால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோ நிற்காது. எஞ்சிய இரு முனைகளின் தோளில் முழுச் சுமையையும் ஏற்றி ஓடிக்கொண்டேயிருக்கும். வெளியே தண்ணீர் கொட்டும். உள்ளே கம்பி வெந்துகொண்டிருக்கும். விடிந்து பார்க்கும்போது மோட்டார் கரிந்திருக்கும்.

கைதேர்ந்த மோட்டார் கட்டுபவர் எரிந்த மோட்டாரின் உட்புறத்தைப் பார்த்த மாத்திரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுவார். எல்லாக் காயில்களும் ஒரே சீராகக் கருகியிருந்தால் சுமை மிகுந்துவிட்டது அல்லது மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது என்று பொருள். நட்சத்திர இணைப்பில் இரண்டு முனைகளின் காயில்கள் கருகி ஒன்று மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், ஒரு முனை அறுந்த நிலையில் ஓடியிருக்கிறது. முக்கோண இணைப்பாயின் கணக்குத் தலைகீழாகும். ஒன்று கருகும், இரண்டு பிழைக்கும். ஒரே இடத்தில் மட்டும் கரும்புள்ளியும் உருகிய கம்பியும் இருந்தால் அங்கே காப்புக் கிழிந்திருக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவரைப் போல் அவர் காரணத்தைப் படிக்கிறார். காரணத்தைப் படிக்காமல் காயிலை மட்டும் கட்டிக் கொடுத்தால், அடுத்த வாரமே அந்த மோட்டார் திரும்பி வரும் என்பதை அவர் அறிவார்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்த வரிசையும் இதுதானே? முதலில் நோய் இன்னதென்று தெளிவது, அடுத்து அதன் மூலத்தைத் தேடுவது, பிறகு தணிக்கும் வழியை ஆராய்வது, கடைசியாகப் பிசகாமல் செய்வது. பட்டறையில் உட்கார்ந்திருப்பவர் குறள் படித்திருக்கலாம், படிக்காமலும் இருந்திருக்கலாம். வரிசையை மட்டும் அவர் மாற்றுவதில்லை.

வீட்டுக்குள் வந்த மோட்டார்

மில்லிலும் கிணற்றிலும் இருந்த மோட்டார் சமையலறைக்குள் நுழைந்ததும் கோவையில்தான். 1955இல் சபாபதி என்பவர் இங்கே மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார் என்று குறிப்பிடுவர். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுழலும். கிரைண்டரில் கல் சுழலும், குழவி நிற்கும். இந்த எளிய தலைகீழ் மாற்றம் தமிழ்ப் பெண்களின் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் எவ்வளவு பாரத்தை இறக்கியது என்பதைத் தனியே எழுத வேண்டும். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆட்டுக்கல் மட்டுமே அறிந்திருந்த வீடுகளுக்கும் அது சென்று சேர்ந்தது.

வீட்டு மின்சாரம் ஒருமுனை மின்சாரம். ஒரு முனையால் மட்டும் மோட்டாரைத் தானே தொடங்கிச் சுழல வைக்க முடியாது. அது காந்தப்புலத்தை முன்னும் பின்னுமாக அசைக்குமே தவிரச் சுழற்றாது. எனவே முதன்மைச் சுருளுக்குத் துணையாக இன்னொரு சுருளையும், அதனுடன் ஒரு மின்தேக்கியையும் சேர்த்திருக்கிறார்கள். கடையில் இதைக் 'கண்டென்சர்' என்றால்தான் கொடுப்பார்கள். ஒருவகை மோட்டார்களில் இத்துணைச் சுருள் தொடக்கத்துக்கு மட்டுமே உரியது. முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டியதும், தண்டில் பொருத்திய சிறு எடைகள் விசையால் விரிந்து ஒரு சுவிட்சைத் திறந்துவிடும்; துணைச் சுருள் விலகிக்கொள்ளும்.

பழுதுகள் இங்கிருந்தே கிளைக்கின்றன. மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை, பட்டையைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் சற்றே திருப்பிவிட்டால் ஓடத் தொடங்குகிறது என்றால், முதன்மைச் சுருள் நலமாக இருக்கிறது. கண்டென்சரோ, அந்தச் சுவிட்சோ, துணைச் சுருளோ போயிருக்கிறது. உறுமலே இல்லையென்றால் பிளக், ஒயர், சுவிட்ச் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒயர் பெரும்பாலும் பிளக்கின் கழுத்தருகே அறுந்திருக்கும். மேலுறை முழுதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் ஓடுகிறது, கல் சுழலவில்லை என்றால் அது மின்பழுதே அன்று, பட்டை தேய்ந்திருக்கிறது. தொட்டால் 'ஷாக்' அடிக்கிறது என்றால் மாவுத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கியிருக்கலாம். அதைவிட முக்கியமாக, அந்த வீட்டில் நில இணைப்பு உயிரோடு இல்லை என்று பொருள். கண்டென்சரைத் தொடும் முன் அதில் தங்கிய மின்னூட்டத்தை இறக்கிவிட வேண்டும் என்பது இத்தொழிலின் பாலபாடம்.

இவற்றுள் மிகக் கொடியது எது? விலக வேண்டிய துணைச் சுருள் விலகாமல் நிற்பதுதான். தொடங்கி வைக்க வந்த உதவியாளர் வீட்டைவிட்டுப் போகாமல் தங்கிவிட்டால் என்ன ஆகும்? சில நொடி வேலைக்கென்றே சுற்றப்பட்ட சுருள், நிமிடக்கணக்கில் மின்சாரம் தாங்காது. முதலில் வாசனை வரும், பிறகு புகை வரும்.

கடல் கடந்த ஓர் உறவினர்

இதே நோய் உலகின் வேறொரு மூலையில், முற்றிலும் வேறான இயந்திரத்தில் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் 'பின்பால்' விளையாட்டு இயந்திரத்தைச் சொல்கிறோம். ஆணிகள் அடித்த சாய்வுப் பலகையில் வில்லை இழுத்துவிட்டுக் கோலியை ஓட்டும் 'பகட்டெல்' பலகை ஒரு காலத்தில் நம் வீடுகளிலும் கோடை விடுமுறை விளையாட்டாக இருந்தது. பின்பால் அதன் பெரிய அண்ணன். வில்லை இழுத்து விடும் அமைப்புக்கு மாண்டேகு ரெட்கிரேவ் 1871இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1931இல் டேவிட் காட்லீப் வெளியிட்ட 'பாஃபிள் பால்' பொருளாதார மந்தநிலைக் காலத்து அமெரிக்காவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதுவரை அதில் மின்சாரம் இல்லை. 1933இல் ஹாரி வில்லியம்ஸ் உருவாக்கிய 'காண்டாக்ட்' என்ற இயந்திரம் மின்கலத்தின் ஆற்றலால் குழிக்குள் விழுந்த பந்தைத் திருப்பி உதைத்தது. அன்றுமுதல் பின்பால் ஒரு மின்னியந்திரம் ஆயிற்று.

ஆண்டுகளைக் கவனியுங்கள். பைகாரா மின்சாரம் கோவைக்கு இறங்கியது 1932. பின்பாலுக்குள் மின்சாரம் புகுந்தது 1933. ஓரிடத்தில் உழைப்பு, ஓரிடத்தில் விளையாட்டு. இரண்டிலும் சுருள், இரும்பு, தொடுமுனை என்னும் மூன்றே பொருள்கள்.

1947இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில் பந்தைத் தட்டிவிடும் துடுப்புகள் வந்தன. பின்னாளில் அத்துடுப்பை இயக்கும் சுருளில் இரண்டு சுற்றுகள் அமைந்தன. தடித்த கம்பிச் சுற்று வலுவாக ஓர் உதை கொடுக்கும். துடுப்பு மேலே எட்டியதும் அதன் முனையிலுள்ள சிறு சுவிட்ச் திறந்து மெல்லிய கம்பிச் சுற்றையும் பாதையில் சேர்க்கும்; மின்னோட்டம் தணியும்; துடுப்பு சூடேறாமல் நிற்கும். அந்தச் சுவிட்ச் திறக்காவிட்டால் தடித்த சுற்று வெந்துபோகும். அதன் தொடுமுனையில் அழுக்குப் படிந்தாலோ துடுப்புச் சோர்ந்துவிடும். கோவைக் கிரைண்டரின் துணைச் சுருளுக்கும் சிகாகோவின் துடுப்புக்கும் ஒரே விதி: வேலை முடிந்ததும் விலக வேண்டியது விலக வேண்டும்.

இவ்வியந்திரத்தின் கதையில் அரசியலும் உண்டு. சூதாட்டம் என்று கருதி நியூயார்க் நகரம் 1942இல் இதைத் தடை செய்தது. 1976இல்தான் தடை நீங்கியது. 1970களின் பிற்பகுதியில் ரிலேக்களின் இடத்தைச் சில்லுகள் பிடித்தன. பழைய இயந்திரங்களை வாங்கி வீட்டில் வைத்துப் பழுது நீக்குவது இன்று மேலைநாடுகளில் பலருக்கு ஒரு தவம் போல் ஆகிவிட்டது. அவர்களின் முறையைப் படித்துப் பார்த்தால் நம் பட்டறைக்காரர் பேசுவது போலவே இருக்கும். முதலில் மின்சாரத்தைத் துண்டி. கண்ணால் பார். மோந்து பார். பியூஸைப் பொருத்தியபடியே நம்பாதே, கழற்றிச் சோதி. பழைய வெள்ளித் தொடுமுனையை மெல்லிய அரத்தால் தேய்க்கலாம்; தங்கமுலாம் பூசிய புதிய தொடுமுனையில் அரம் படக்கூடாது, தடித்த தாளை இடையே விட்டு இழுத்தாலே போதும். ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் கைவைக்காதே.

பஞ்சுத் தூசியும் உலோகத் தூசியும்

திருப்பூருக்குத் திரும்புவோம். பனியன் துணி பின்னும் வட்டப் பின்னல் இயந்திரத்தைப் பார்த்தவர்கள் அதன் மேல் வட்டமாக அமைந்த சிறு விளக்குகளைக் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு நூலும் ஒரு மெல்லிய கம்பி நெம்புகோலைத் தாங்கியபடி ஓடுகிறது. நூல் அறுந்தால் நெம்புகோல் விழும், தொடுமுனைகள் சேரும், விளக்கு எரியும், இயந்திரம் நிற்கும். இதற்குரிய மின்னழுத்தம் 12 அல்லது 24 வோல்ட் போன்ற குறைந்த அளவே. பந்து விழுந்த குழிக்கு விளக்கெரியும் பின்பால் இயந்திரத்துக்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை.

இதன் பெரும் பகை பஞ்சுத் தூசி. தொடுமுனைகளுக்கு நடுவே பஞ்சு படிந்தால், நூல் அறுந்தும் இயந்திரம் நிற்காது. துணியில் ஓட்டை விழும். இவ்வகை இயந்திரங்கள் சிலவற்றில் இரும்புச் சட்டமே திரும்பும் வழியாகப் பயன்படுகிறது. அங்கே ஒயரின் மேலுறை எங்காவது சட்டத்தில் உரசித் தேய்ந்தால், நூல் அறாமலே இயந்திரம் நின்று நின்று ஓடும். எந்த விளக்கும் எரியாமல் இயந்திரம் நிற்பது, எல்லா விளக்கும் எரிய ஓடுவது என்று இதன் நோய்க்குறிகள் பல. ஆண்டுக்கணக்கில் அதனுடன் பழகிய பிட்டர் இவற்றைக் கேட்ட மாத்திரத்தில் இடத்தைச் சொல்வார்.

அனுப்பர்பாளையத்தின் மெருகுப் பட்டறைகளில் பகை வேறு. மோட்டார் தண்டின் முனையில் துணிச் சக்கரம் சுழல, அதில் பாத்திரத்தை அழுத்திப் பிடித்து மெருகேற்றுகிறார்கள். அப்போது பறக்கும் கரிய தூசியில் உலோகத் துகளும் உண்டு. பஞ்சு மின்சாரத்தைத் தடுக்கும். உலோகத் தூசியோ அதற்கு வழிவிடும். இணைப்புப் பெட்டிக்குள் அது படியப் படிய, மின்சாரம் கசிந்து மோட்டாரின் உடலுக்கு வருகிறது. அந்த உடலைத் தொட்டபடி, உலோகப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி, வியர்வையில் நனைந்து ஒரு மனிதர் நிற்கிறார். நில இணைப்புச் சரியாக இருந்தால் பீஸ் போகும். இல்லையென்றால் போவது உயிர்.

பீஸ் கட்டையில் எழுதப்பட்ட ஒழுக்கம்

பீங்கான் கட்டைக்குள் மெல்லிய கம்பியைச் சுற்றிச் செருகுவது நம் வீடுகளில் நெடுங்காலம் வழக்கிலிருந்தது. கட்டணம் கட்டாத வீட்டின் 'பீஸைப் பிடுங்கிவிட்டார்கள்' என்ற சொல்வழக்கு அதிலிருந்தே பிறந்தது. 1957இல் உருவான மின்சார வாரியம் பின்னர் பல நிறுவனங்களாகப் பிரிந்த போதும், மக்கள் நாவில் அது இன்னும் 'ஈ.பி.'தான், அந்தச் சொல்வழக்கும் மறையவில்லை.

அந்த மெல்லிய கம்பி உருகுவதற்கென்றே இருப்பது. அடிக்கடி உருகுகிறதே என்று எரிச்சலுற்று, தடித்த செம்புக் கம்பியை முறுக்கிச் செருகுவது நம்மிடையே பரவலான பழக்கம். கம்பி உருகவில்லை என்றால் வேறெங்கோ ஒன்று உருகும் என்பதை நினைப்பதில்லை. அமெரிக்கப் பின்பால் பழுது நீக்குபவர்களும் இயந்திரத்தைத் திறந்ததும் முதலில் தேடுவது இதைத்தான்: முன்பு கைவைத்தவர் அளவுக்கு மீறிய பியூஸைப் போட்டிருக்கிறாரா? உலகெங்கும் மனிதனின் அவசரம் ஒன்றுபோலவே இருக்கிறது. பீஸ் போவது பழுதன்று. பழுதைப் பற்றிய அறிவிப்பு. அறிவிப்பவனின் வாயை அடைத்தால் செய்தி பொய்யாகிவிடுமா? 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனங்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அவற்றையும் 'அடிக்கடி விழுகிறது' என்று கழற்றிப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு மாற்றாக நம் எலக்ட்ரீசியன்களிடம் ஓர் அழகிய கருவி உண்டு. அதன் பெயர் 'சீரிஸ் லாம்ப்'. சந்தேகத்துக்குரிய பொருளுக்கு மின்சாரம் செல்லும் வழியில் ஒரு குண்டு பல்பை வரிசையாக இணைத்துவிடுகிறார்கள். பல்பு முழு ஒளியுடன் எரிந்தால் உள்ளே 'ஷார்ட்'. மங்கலாக எரிந்தால் சுற்று இருக்கிறது, மேற்கொண்டு பார்க்கலாம். எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. எப்படியானாலும் பெரும் மின்னோட்டம் பாயாது. பல்பு தன் உடலில் ஏற்றுக்கொள்ளும். கடல் கடந்த பின்பால் ஆர்வலர்களும் இதே உத்தியைக் கையாளுகிறார்கள். அந்தக் குண்டு பல்பு இப்போது கடைகளில் அருகி வருகிறது. எல்.இ.டி. விளக்கால் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஒரு விளக்கு மறையும்போது ஒரு சோதனை முறையும் உடன் மறைகிறது.

சுவடிகள் எங்கே?

இப்போது நம்மை உறுத்தும் வினாவுக்கு வருவோம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய பின்பால் இயந்திரங்கள் இன்றும் ஓடுவதற்குக் காரணம், பழுது நீக்குபவர்களின் ஆர்வம் மட்டுமன்று. இயந்திரத்தோடு சேர்த்தே அதன் மின்சுற்றுப் படத்தை அச்சிட்டுக் கொடுத்தார்கள். மடித்த காகிதமாக அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பிற்காலத்தவர் அவற்றைத் தேடித் தொகுத்து, இயந்திரம் இயந்திரமாகப் பட்டியலிட்டுப் பாதுகாத்தனர். எனவே நிறுவனம் மறைந்த பின்னும் அறிவு மறையவில்லை.

நம் கிரைண்டரின் கையேட்டில் அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்று இருக்கும். மின்சுற்றுப் படம் பெரும்பாலும் இருக்காது. அந்தப் படம் எலக்ட்ரீசியனின் தலைக்குள் இருக்கிறது. மோட்டார் கட்டும் கடைகளில் மட்டும் ஓர் எழுத்து மரபு உண்டு. எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப் புத்தகங்கள் அவை. இன்ன நிறுவனத்து மோட்டார், இத்தனை குதிரைத்திறன், இத்தனை பள்ளம், இத்தனை சுற்று, இந்த எண் கம்பி என்று பக்கம் பக்கமாகக் கணக்கு எழுதியிருக்கும். நிறுவனமே மூடப்பட்ட மோட்டாருக்கும் அதில் ஜாதகம் கிடைக்கும். பட்டறை மூடும் நாளில் அந்த நோட்டு எடைக்குப் போகிறது.

ஓலைச்சுவடிகள் ஆற்றிலும் அடுப்பிலும் போன கதையை உ.வே. சாமிநாதையரின் எழுத்து வழியே அறிந்த நாம், இந்த நோட்டுகள் போவதையும் அறிய வேண்டாமா? இலக்கியத்துக்கு நிகராக இதை வைக்கலாமா என்று சிலர் கேட்கலாம். நிகர் என்று நாம் சொல்லவில்லை. ஒரு சமூகம் தன் அறிவை எப்படிச் சேர்த்து வைத்தது, எப்படித் தொலைத்தது என்பதுதான் வரலாறு என்றால், அந்த வரலாற்றின் மூல ஆவணங்களுள் இவையும் அடங்கும் என்கிறோம்.

பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்னும் காலம் இது. மூடியைத் திருகால் அல்லாமல் பசையால் ஒட்டி விற்கிறார்கள். ஓராண்டு ஓடிய பொருள் குப்பைக்குப் போகிறது; அதனுள் இருந்த செம்பு மட்டும் மீண்டும் உருக்குலைக்கு வருகிறது. பழம் பித்தளையைக் கொடுத்துப் புதுக் குடம் வாங்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் உலோகம் ஒருபோதும் வீணாவதில்லை. வீணாவது, அதை ஓட வைக்கத் தெரிந்த அறிவுதான்.

வாசகர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். உங்கள் ஊரில் மோட்டார் கட்டும் கடை ஏதேனும் இன்னும் இருந்தால், அடுத்த முறை கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போகும்போது சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். அவர் முதலில் எதைப் பார்க்கிறார், அடுத்து எதை, ஏன் என்று கேளுங்கள். நோட்டு இருந்தால் அனுமதி பெற்று அதன் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். கேட்டதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். 'கண்டென்சர்' என்றால் கண்டென்சர் என்றே எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறவாமல் உங்கள் பீஸ் கட்டையை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அதில் இருப்பது உரிய கம்பிதானா?